சின்னக் கேபினெட்டா, பெரிய கேபினெட்டா? அதற்கு முன் ஒரு கேள்வி

காட்பாடியில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் 24 வயது வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கேம் விளையாட ஒரு சிஸ்டத்தைத் தானே அசெம்பிள் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு வருடம் சேர்த்த பணம் 90,000 ரூபாய் கையில் இருக்கிறது. பிராசசர் ரைசன் 5 7600, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ் 5060 என்று முடிவு செய்துவிட்டார். பாகங்களை உள்ளே மாட்டும் டப்பாவான கேபினெட்டில்தான் மூன்று மாதமாக இழுபறி. ஒரு பட்டியலில் 11 லிட்டர் கொள்ளளவுள்ள மினி ஐ.டி.எக்ஸ் (குட்டி மதர்போர்டு ரகம்) கேபினெட், சனிக்கிழமை சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்பது திட்டம். இன்னொரு பட்டியலில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஃபுல் டவர், கலர் லைட் எரியும் ஏழு ஃபேன், லிக்விட் கூலர். ஊரில் வீட்டின் கீழ்தளத்தில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. மேலே மொட்டை மாடியில் இவருக்கென்று ஓர் அறை. அங்கே சுவர் அலமாரிக்குள் சிஸ்டத்தை வைப்பதாக உத்தேசம்.

"நம்ம வேலூர் வெயிலுக்குச் சின்னது தாங்குமா? பெரியது வாங்கினால் கரண்ட் பில் ஏறுமா? ஃபேன் சத்தம் தொல்லையாக இருக்குமா? அப்பா வேறு, தகர டப்பாவுக்கு இவ்வளவு விலையா என்கிறார். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சிக்கும் உதவும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்" என்று முடிக்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேபினெட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தறியைப் பற்றி ஒரே ஒரு வரி. தங்கச்சியைப் பற்றியும் ஒரு வரி. எனக்கு என்னவோ பதில் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் நான் கேட்க வேண்டியது இதுதான். இந்த சிஸ்டம் எந்த ஊரில் இருக்கப்போகிறது? வாரா வாரம் தூக்கிக்கொண்டு போவேன் என்கிறீர்கள். சரி, போன மூன்று மாதத்தில் எத்தனை சனிக்கிழமை ஊருக்குப் போனீர்கள் என்று காலண்டரைப் பார்த்து எண்ணுங்கள். நினைவில் இருந்து சொல்லாதீர்கள், நினைவு நமக்குச் சாதகமாகவே சொல்லும். அப்புறம், 11 லிட்டர் என்றால் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் பாதி அளவுதான், உண்மை. ஆனால் எல்லாம் மாட்டிய பிறகு அது ஆறேழு கிலோ வரும். மானிட்டர்? கீபோர்டு? யு.பி.எஸ்? உங்கள் பட்டியலில் மானிட்டர் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தூக்குவதாக இருந்தால் கேபினெட்டில் மிச்சம் பிடித்த இடத்துக்குப் பொருளே இல்லை. ஊரிலும் ஒன்று, அறையிலும் ஒன்று என்றால் அந்தச் செலவு 90,000-க்குள் வராது.

அதோடு, ஞாயிறு இரவு நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்பாடி வந்துவிட்டால் தங்கச்சிக்கு என்ன மிஞ்சும்? வாரத்தில் ஒரு நாள், அதுவும் நீங்கள் விளையாடி எழுந்த பிறகு. அப்பாவிடம் சொன்ன காரணம் மெய்யாக வேண்டும் என்றால் சிஸ்டம் ஊர் வீட்டில்தான் இருக்க வேண்டும். நான் கண்டிக்கவில்லை. எந்த வீட்டிலும் முதல் கம்ப்யூட்டர் யாரோ ஒருவருடைய படிப்பின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறது.

இல்லை, வாரம் தவறாமல் போகிறேன், எனக்கு இரண்டு இடத்திலும் வேண்டும் என்றால், அசெம்பிள் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஒரு கேமிங் லேப்டாப்பை யோசியுங்கள். திரையும் பேட்டரியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரண்டரை கிலோ. நாளைக்குக் கார்டை மாற்ற முடியாது, அதுதான் குறை. இனி எழுதுவதெல்லாம் சிஸ்டம் ஊர் வீட்டு மாடி அறையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான்.

வெயில் கணக்கு

சின்னக் கேபினெட் சூடாகும், பெரியது குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் சரி. சூட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கும் பொருள்தான். உங்கள் கார்டு உச்சத்தில் 145 வாட் இழுக்கும். பிராசசர் 88 வாட் வரை போகும். மற்றதெல்லாம் சேர்த்தால் கேம் ஓடும்போது சுமார் 250 வாட். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு நாலு எரிந்தால் எவ்வளவு சூடோ அவ்வளவும் உங்கள் அறைக்குள் வரும், டப்பா எந்த அளவாக இருந்தாலும். கேபினெட்டின் வேலை அந்தச் சூட்டை எவ்வளவு லேசாக வெளியே தள்ளுகிறது என்பது மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நன்றாக வடிவமைத்த சின்னக் கேபினெட்டில் கிராஃபிக்ஸ் கார்டு பக்கவாட்டு வலையை ஒட்டி நின்று வெளிக்காற்றை நேராக இழுக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபுல் டவரில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று ஓரத்தில் இருக்கும் விரல் அகலச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். ஏழு ஃபேன் இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரிதான். போதாக்குறைக்கு, ஃபுல் டவர் என்பது மிகப் பெரிய மதர்போர்டுக்கும், தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் குழாய் வேலைக்கும், நிறைய ஹார்ட் டிஸ்க்குக்கும் செய்தது. அதில் நீங்கள் போடப்போவதோ ஒன்பதரை அங்குலச் சதுர மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்டு. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நாலு பேருக்குப் பந்தி போடுவது மாதிரி.

அறைச் சூடு எவ்வளவோ அதன் மேல்தான் எல்லாமே ஏறும். 25 டிகிரி அறையில் 65 டிகிரியில் நிற்கும் கார்டு, 40 டிகிரி அறையில் கிட்டத்தட்ட 80-ஐத் தொடும். உங்கள் ஊர்ச் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அந்த நாட்களில் மொட்டை மாடி அறையின் கூரை ராத்திரி பத்து மணிக்கும் அனலாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிக்விட் கூலர் போட்டால் தப்பிக்கலாம் என்பது தப்புக் கணக்கு. தண்ணீர் என்றதும் சில்லென்று ஏதோ ஓடுவதாக நினைக்கிறோம். அந்தத் தண்ணீரும் அறைச் சூட்டுக்குக் கீழே ஒரு டிகிரி இறங்காது. அந்தச் சூட்டையும் கடைசியில் ஒரு ஃபேன்தான் ஊதித் தள்ள வேண்டும். உங்கள் பிராசசருக்கு, அதன் மேல் மாட்டும் சாதாரண ஒற்றை டவர் ஏர் கூலரே (தகடு அடுக்கும் ஒரு ஃபேனும்) தாராளம்.

பயம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். சூடு அதிகமானால் வெடிக்காது, எரியாது. அந்த பிராசசர் 95 டிகிரியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடும், அவ்வளவுதான்.

பிரச்சினை அலமாரியில்தான் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், முன்னால் கண்ணாடிக் கதவு. ஊதித் தள்ளிய சூடான காற்றையே கேபினெட் திரும்ப உள்ளே இழுக்கும். ஒரு மணி நேரத்தில் அலமாரி அடுப்பாகிவிடும். உலகத்திலேயே விலை உயர்ந்த கேபினெட்டை வாங்கி அதற்குள் வைத்தாலும் இதே கதைதான். மேசை மேல் வையுங்கள். சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

தறிப் பஞ்சு

இதைத்தான் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போனீர்கள். சில வருடம் முன்னால் தறி ஓடும் வீட்டிலிருந்து ஒரு சிஸ்டம் என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. 'கேம் போட்டால் அணைந்துவிடுகிறது' என்று புகார். திறந்து பார்த்தால் கூலரின் அலுமினியத் தகடுகள் மேல் வெள்ளையாக ஒரு படலம். நுனியைப் பிடித்து இழுத்தேன், கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அடியில் தகடுகள் புத்தம் புதிதாக இருந்தன. சாதாரண ரோட்டுத் தூசி மண்துகள். தகடுகளுக்கு நடுவில் பாதியாவது பறந்து போய்விடும். பஞ்சுப் பிசிர் நூலாக இருப்பதால் ஒன்றோடொன்று சிக்கிப் பாய் முடைந்துவிடும். கீழே தறி ஓடினாலும் படிக்கட்டு வழியாக மேலே ஏறாமல் இருக்காது. உங்கள் மாடி அறை மின்விசிறி இறக்கையைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சின்னக் கேபினெட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வெயிலை விட இதுதான் பெரிய காரணம். 11 லிட்டருக்குள் மாட்டும் கூலர் உயரம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். தகடுகள் நெருக்கமாக இருக்கும், சீக்கிரம் அடைக்கும். பல சின்னக் கேபினெட்டுகளில் தூசி வலையே கிடையாது. துளை போட்ட தகடு மட்டும்தான். சுத்தம் செய்ய வேண்டும் என்றால் கார்டைக் கழற்றி, வயர்களை விலக்கி, கிட்டத்தட்ட முழுக்கப் பிரிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதை யார் செய்வது? முதல் மாதம் செய்வீர்கள்.

முன்பக்கம் வலை வைத்த, கழற்றிக் குழாயடியில் அலசிக் காயவைத்து மாட்டுகிற ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பாருங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். இழுப்பது அதிகமாகவும் தள்ளுவது குறைவாகவும் இருந்தால், உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும். காற்று ஃபில்டர் வழியாக மட்டும்தான் நுழையும், சந்து பொந்து வழியாகப் பஞ்சு ஏறாது. ஏழு ஃபேனைக் கண்டபடி மாட்டினால் இந்தக் கணக்கே குழம்பிவிடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும்.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த காதுக்கு இந்த ஃபேன் ஒரு பொருட்டா!

இரண்டு பட்டியலும், நான் போடும் மூன்றாவதும்

மினி ஐ.டி.எக்ஸ் போர்டு ஆறே முக்கால் அங்குலச் சதுரம். இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் போர்டோ ஓர் அடி நீளம். பெரிய போர்டில் பரப்புகிற சர்க்யூட்டைச் சின்னதில் நெருக்கி அடைக்க வேண்டியிருப்பதால்தான் விலை கூடுகிறது. ராம் போட இரண்டே இடம், கார்டு மாட்ட ஒரே இடம். பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சாதாரணமானது நுழையாது, எஸ்.எஃப்.எக்ஸ் என்ற குட்டி ரகம் வேண்டும். உள்ளூர்க் கடையில் அது சட்டென்று கிடைக்காது. ஆன்லைனிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோதான் தேட வேண்டும். பழுதானால் மாற்றும் வரை சிஸ்டம் சும்மா கிடக்கும். சாதாரண எஸ்.எம்.பி.எஸ் என்றால் வேலூரில் அன்றைக்கே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய விலைகளில், போர்டு, எஸ்.எம்.பி.எஸ் இரண்டை மட்டும் சாதாரண ரகத்துக்கு மாற்றிக் கூட்டிப் பார்த்தேன். 13,000 ரூபாய் குறைகிறது. சின்னது மலிவாக இருக்கும் என்று உங்கள் அப்பா நினைத்தால் நியாயம்தான், ஆனால் இங்கே டப்பா சுருங்கச் சுருங்க விலை ஏறும்.

சில சின்னக் கேபினெட்டுகளில் கார்டை போர்டுக்குப் பின்னால் திருப்பி மாட்ட ரைசர் என்ற பட்டைக் கேபிள் வரும். பழைய தலைமுறைக் கேபிளில் புதிய கார்டு மாட்டினால் திரை விட்டுவிட்டு வரும். பயாஸில் (சிஸ்டத்தின் அடிப்படை செட்டிங்கில்) போய் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். 2021-ல் அமெரிக்காவில் ஒரு பிரபலமான சின்னக் கேபினெட்டை, ரைசரைப் பிடித்திருக்கும் திருகு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதால் கம்பெனியே திரும்பப் பெற்றது. எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. சின்னதின் மேல் எனக்குப் பகையும் இல்லை. ஏ.சி. அறை, சின்ன மேசை, சுத்தமான காற்று இருக்கிற இடத்துக்கு நானே ஆசையாக அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறேன். தறி வீட்டு மாடிக்கு அது பொருந்தாது.

என் பட்டியல் இது: 30 முதல் 35 லிட்டர் மைக்ரோ ஏ.டி.எக்ஸ் கேபினெட், முன்பக்கம் வலை, மூன்று ஃபேன், ஏர் கூலர், 550 அல்லது 650 வாட் சாதாரண அளவு எஸ்.எம்.பி.எஸ். மிச்சமாகும் பணத்தில் 1000 வி.ஏ. யு.பி.எஸ். விசைத்தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வீட்டு லைட் ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் அணைந்துபோக அந்த ஒரு நொடி போதும்.

கரண்ட் பில் கேட்டீர்கள். 250 வாட்டை தினம் 4 மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கேபினெட் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்று: தறிக்கென்று சலுகைக் கட்டணத்தில் தனி சர்வீஸ் இருந்தால், அதிலிருந்து மாடி அறைக்கு வயர் இழுக்காதீர்கள். கொடுத்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் எடுப்பதை 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு அங்கீகாரமற்ற பயன்பாடு என்கிறது. பிடிபட்டால் அபராதம் அப்பா பெயரில் வரும். மாடியில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

அளவு நாடாவும் பில்லும்

நாளைக்குப் பெரிய கார்டு மாற்றுவேன் என்கிறீர்கள். இரண்டு ஃபேன் கார்டு 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். மூன்று ஃபேன் கார்டுகள் 30-ஐத் தாண்டும். கேபினெட் விவரத்தில் போட்டிருக்கும் கார்டு நீளத்தில் முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபேன் இரண்டரை சென்டிமீட்டர். கூலர் உயரம் 16 சென்டிமீட்டர் வரை இடம் தேவை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நுழையாத கார்டு பழுதான கார்டு கிடையாது. அளக்காமல் வாங்கிவிட்டு மாற்றிக்கொடு என்று கேட்டால், அது கடைக்காரரின் தயவு.

பழுதான பொருள் என்றால் கதை வேறு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போர்டு மாட்டியிருந்தாலும், பழுதானதை வாங்கிக்கொள்ள மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். பில் கொடுக்காததும் அதே கணக்கில் வரும். அதனால் 'ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துப் போட்டுத் தருகிறேன்' என்றால் மயங்காதீர்கள். ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், கடை சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

அசெம்பிள் செய்யும் நாளைத் தறி ஓடாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், திருகு எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். நீங்கள் காட்பாடியில் இருக்கும் வாரங்களில் அந்த ஃபில்டரைக் கழற்றி அலசப்போவது அவள்தான். எப்படிக் கழற்றுவது என்று அன்றைக்கே காட்டிவிடுங்கள்.